சென்னையில் முதல் மூன்று நாள்: மணலைப் பின்தொடர்வோம்

பள்ளிச் சுற்றுலாவாகவோ, உறவினர் வீட்டுக்கு விருந்தாளியாகவோ சென்னைக்கு முதல் தடவை சென்று திரும்பும் மாணவரிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். கடற்கரை, கலங்கரை விளக்கம், அருங்காட்சியகம், பாம்புப் பண்ணை. "கடற்கரையில் என்ன பார்த்தாய்?" என்று விடாமல் கேட்டால் "மணல்" என்பார். இன்னும் கேட்டால் "சுண்டல்" என்பார்.

மணல் என்ற அந்த ஒரு சொல் நமக்குப் போதும். சென்னையின் அகன்ற கடற்கரை, கூவத்தின் நாற்றம், வடசென்னையின் கரையில் குவிந்து கிடக்கும் கருங்கற்கள் ஆகிய மூன்றும் ஒரே கதையின் மூன்று பகுதிகள். நகரைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். நீங்கள் மூன்றையும் பார்த்து வாருங்கள். இதற்கு வேண்டியவை ஒரு குறிப்பேடு, ஒரு சிறு காந்தம், ஒரு பாலிதீன் உறை, நல்ல செருப்பு.

முதல் நாள் விடியற்காலையில் மெரினாவுக்குச் செல்லுங்கள். கிழக்குக் கடற்கரை ஆதலால் சூரியன் கடலிலிருந்து எழுவதைக் காணலாம். அது முடிந்ததும் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி நில்லுங்கள். காமராசர் சாலையின் ஓரத்தில் வட்ட வடிவ முகப்புள்ள ஒரு பழைய கட்டடம் தெரியும். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியிருந்தார். ஆனால் அது கட்டப்பட்டது பனிக்கட்டி வைப்பதற்காக. 1840களில் அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டு வந்து விற்றார்கள். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். மாதக் கணக்கில் வெப்பக் கடல்களைக் கடந்து வந்த பனி முழுதும் உருகாமல் தப்பியது எப்படி? மரத்தூளின் இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. பனிக்கட்டிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கும்போது வெளிப்பரப்பும் குறைந்துவிடுகிறது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்த பிறகு அந்த வணிகம் நின்று போயிற்று.

பனிக்கட்டியைப் படகிலிருந்து இறக்கிச் சேர்ப்பதற்கு வசதியாகத்தான் அந்தக் கிடங்கைக் கரையை ஒட்டிக் கட்டினார்கள். இப்போது அங்கிருந்து கடல் நீர் வரை நடந்து பாருங்கள். எட்டுகளை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். மணலில் எட்டு குறுகும். எனவே முதலில் மணலிலேயே இருபது எட்டு வைத்து, அந்த நீளத்தை நாடாவால் அளந்து, ஓர் எட்டின் சராசரியைக் கண்டுகொள்ளுங்கள். விடை முந்நூறு மீட்டருக்கு மேல் வந்தாலும் வியப்பில்லை. கப்பல் சரக்கை இறக்க வேண்டிய கிடங்கை இவ்வளவு தொலைவில் யாராவது கட்டுவார்களா? மாட்டார்கள். கட்டடம் நகரவில்லை, கடல்தான் விலகியது. புனித ஜார்ஜ் கோட்டையைக் காட்டும் பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களிலும் மதிலுக்குச் சற்றுத் தொலைவிலேயே அலைகள் மோதுவதைக் காணலாம்.

கடல் ஏன் விலகியது? அதற்கு விடை, உங்கள் காலடியில் இருக்கும் மணலின் நடையில் இருக்கிறது.

நடக்கும் மணல்

நீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்று அலைகளைக் கவனியுங்கள். அவை கரைக்கு நேராக வருவதில்லை; சற்றுக் கோணலாக வருகின்றன. உடைந்த அலை, மணலைத் தூக்கிக்கொண்டு அதே கோணத்தில் சரிவில் ஏறுகிறது. திரும்பும்போது நீர் புவியீர்ப்பின்படி நேர் கீழாக இறங்குகிறது. கோணலாக ஏறி நேராக இறங்கும் ஒருவன் ஒவ்வொரு தடவையும் சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்திருப்பான் அல்லவா? மணல் துகளும் அப்படித்தான். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அலைகள். ஒவ்வோர் அலைக்கும் ஒரு சிறு நகர்வு. இதோடு, அலைகள் உடையும் பகுதியில் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் உண்டாகி மணலை இழுத்துச் செல்கிறது. கரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நேரிலேயே சோதிக்கலாம். ஒரு காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டை அலை உடையும் இடத்தில் எறியுங்கள். அது வடக்கே நகர்கிறதா, தெற்கே நகர்கிறதா என்று பத்து நிமிடம் கவனித்து, தேதியோடு எழுதி வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய மாதங்களில் அது பெரும்பாலும் வடக்கே போகும். வடகிழக்குப் பருவ மாதங்களில் தெற்கே போகும். தெற்கேயிருந்து அலைகள் வரும் காலம் நீண்டது. வடக்கேயிருந்து வரும் காலம் குறுகியது. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கியே பயணம் செய்கிறது. அளவும் சிறிதன்று, பல லட்சம் கன மீட்டர்.

எறியும்போது நீரில் இறங்க வேண்டாம். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. இங்கே கடலடி சரிவு செங்குத்தானது. அலை கரைக்கு மிக அருகில் வந்து திடீரென்று உடைகிறது. திரும்பும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டு வலுவாக இழுக்கிறது. கரையில் குவிந்த நீர் சில இடங்களில் குறுகிய ஓட்டமாகச் சேர்ந்து கடலுக்குள் பாய்வதும் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்து மூழ்கியிருக்கிறார்கள். அப்படி இழுக்கப்பட்டால் எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி அந்தக் குறுகிய ஓட்டத்தைக் கடந்த பிறகே கரை திரும்ப முயல வேண்டும். முதல் தடவை கடலைப் பார்க்கும் மாணவர்களே இங்கு மிகுதியாக ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். முழங்கால் நீர்தானே என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

மணலில் கருநிறக் கோடுகள் தெரிகின்றனவா? காந்தத்தைப் பாலிதீன் உறையில் போட்டு அவற்றின் மேல் நகர்த்துங்கள். கரிய துகள்கள் முள்முள்ளாக ஒட்டிக்கொள்ளும். அவற்றில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது உண்டு. வெண்மணல் பெரும்பாலும் குவார்ட்சு. கனமான தாதுக்களை அலை தனியே பிரித்து வரிவரியாகப் போட்டிருக்கிறது. முறத்தில் புடைக்கும்போது அரிசியும் உமியும் பிரிவது போல. உறையைக் கழற்றினால் துகள்கள் உதிர்ந்துவிடும், காந்தமும் சுத்தமாக இருக்கும்.

ஆற்றை மறித்த சுவர்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தனர். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். நம் மீனவர்களின் அறிவு அது. ஆனால் எத்தனை திறமை இருந்தாலும் புயல் நேரத்தில் பயனில்லை. எனவே கடலுக்குள் இரு சுவர்களைக் கட்டிச் செயற்கைத் துறைமுகம் அமைக்க முடிவு செய்தனர். 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெரும்பகுதி முடிந்த நிலையில் 1881 நவம்பரில் வீசிய புயல் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

வடக்கே நடந்துகொண்டிருந்த மணலுக்கு இந்தச் சுவர் குறுக்கே நின்றது. ஓடையில் கல்லைப் போட்டால் மேற்பக்கம் வண்டல் சேரும் அல்லவா? அதுபோலச் சுவருக்குத் தெற்கே மணல் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு கரை கடலுக்குள் வளர்ந்தது. 1880களில் ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் கரையோரம் உலாச்சாலை அமைத்து, இத்தாலியப் பழக்கத்தைப் பின்பற்றி அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அப்போது இருந்த கரையை விட இன்றைய கரை பன்மடங்கு அகலம். நாம் பட்டம் விடும் இடம், சுண்டல் விற்கும் இடம், தலைவர்களின் நினைவிடங்கள் நிற்கும் இடம் எல்லாம் ஒரு சுவர் தேக்கி வைத்த மணல்தான். துறைமுகத்துக்கும் இதனால் தொல்லை வந்தது. முதலில் கிழக்கு நோக்கி விட்டிருந்த வாயிலில் மணல் சேரவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார்கள்.

மெரினாவின் வடகோடியில் நேப்பியர் பாலத்தின் மேல் நின்றால் கூவம் கடலில் சேரும் இடம் தெரியும், மூக்குக்கும் தெரியும். கூவத்தைப் பற்றிக் கேலி பேசாத சென்னைவாசி இல்லை. ஆற்றில் சாக்கடையைக் கலந்தது மனிதர்கள், ஐயமில்லை. ஆனால் அது ஏன் கடலுக்கு ஓடிப்போகாமல் தேங்கி நிற்கிறது? முகத்துவாரத்தில் அந்த நடக்கும் மணல் திட்டாகச் சேர்ந்து வாயை அடைத்துவிடுகிறது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதை உடைத்துச் செல்லும் வேகம் ஆற்றுக்கு இல்லை. உலகின் சில நகரங்களில் கடல் ஏற்றவற்றம் பல மீட்டர் உயர்ந்து இறங்கி ஆற்று வாயை நாள்தோறும் கழுவிவிடுகிறது. சென்னையிலோ அந்த உயர்வும் இறக்கமும் மிகுந்த நாள்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனால் இயந்திரங்களை வைத்து மணலை அவ்வப்போது அகற்றுகிறார்கள். கடல் மறுபடியும் கொண்டுவந்து போடுகிறது. அடையாற்றின் வாயிலும் இதே கதைதான்.

மற்ற இடங்கள்

கலங்கரை விளக்கம் 1977இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சியில் விளக்கு எரிந்தது. பார்வையாளரை அனுமதிக்கும் நேரமாக இருந்தால் மேலே சென்று ஒரு கணக்குப் போடலாம். கண் மட்டத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது கிடைக்கும். மணலில் நிற்கும் உங்கள் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 4.4 கிலோமீட்டர். மேலே 45 மீட்டர் என்று கொண்டால் 24 கிலோமீட்டர். உயரம் முப்பது மடங்கானபோது தொலைவு முப்பது மடங்காகவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து வடக்கே பார்த்தால் மெரினாவின் அகலமும், துறைமுகச் சுவரும், சுவரை நோக்கி மணல் அகன்றுகொண்டே போவதும் வரைபடம் போலத் தெரியும். இந்தக் காட்சிக்காகவே ஏறலாம்.

இரண்டாம் நாளை நகரின் உட்பகுதிக்கு ஒதுக்குங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்த கையோடு விலங்கியல் பகுதியில் திமிங்கில எலும்புக்கூட்டையும் பார்க்கத் தவறாதீர்கள். அதன் முன் துடுப்பின் எலும்புகளை உங்கள் கை எலும்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிண்டி பாம்புப் பண்ணை 1972இலும், கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கம் 1988இலும் திறக்கப்பட்டன. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒரே பிற்பகலில் முடியும்.

நுங்கம்பாக்கத்தில் உள்ள வானிலை மையத்தின் வளாகத்தைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் அதிகம் சொல்வதில்லை. அங்கே ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்கியது அது. அதில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்த ஆய்வகத்தில்தான் 1861இல் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயரிட்டார். இங்குப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அலுவலக வளாகம் ஆதலால் ஆசிரியர் மூலம் முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்ல வேண்டும்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. அந்த ஆய்வகத்தின் வேலை ஒன்றை நீங்கள் தெருவிலேயே செய்யலாம். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை 80.25 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம், வேறுபாடு 2.25 பாகை; ஆகவே சென்னையின் சூரியன் நம் கடிகாரத்துக்குச் சராசரியாக 9 நிமிடம் பின்தங்கும். ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறியுங்கள். அது ஆண்டு முழுவதும் 12.09 ஆக இராது. பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.23, நவம்பர் தொடக்கத்தில் 11.53. புவியின் பாதை முழு வட்டமாக இல்லாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் இதற்குக் காரணம். ஏப்ரல் 25, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டிச் சென்றால் நண்பகலில் குச்சிக்கு நிழலே இராது.

அன்று காலையில் வெயில் கடுமையாக இருந்தால், கடற்காற்று எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் குறித்து வையுங்கள். தரை விரைவில் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழுகிறது. கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. செய்தித்தாளில் சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு வெப்பநிலைகள் போடுவார்கள். கோடையில் கடலுக்குத் தொலைவான மீனம்பாக்கத்தின் எண் பெரும்பாலும் கூடுதலாக இருப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

சுவருக்கு அப்பால்

மூன்றாம் நாள், சுற்றுலாப் பேருந்துகள் போகாத திசைக்குப் போகலாம். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் ஏறுங்கள். முதலில் வரும் ராயபுரத்திலிருந்துதான் 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை ஓடியது. திருவொற்றியூரில் இறங்கிக் கிழக்கே கடலை நோக்கி நடந்தால் மெரினாவுக்கு நேர் எதிரான காட்சி. சாலை, அதை ஒட்டிக் கருங்கல் குவியல், உடனே கடல். பட்டம் விட இடமில்லை. பல இடங்களில் படகை இழுத்து நிறுத்தவும் மணல் இல்லை.

அலைகள் இங்கேயும் மணலை வடக்கே எடுத்துச் செல்கின்றன. ஆனால் தெற்கேயிருந்து வரவேண்டிய மணலைத் துறைமுகச் சுவர் பிடித்து வைத்துக்கொண்டது. செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை. அப்படிப்பட்ட வீட்டின் கையிருப்பு என்னவாகும்? கரை தேய்ந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மீனவர் குப்பங்களில் வீடுகளையும் தெருக்களையும் கடல் எடுத்துக்கொண்டது. கரையைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள். கல் அலையைத் தடுக்கும். போன மணலைத் திரும்பக் கொண்டுவராது. மேலும் ஓரிடத்தில் கல் போட்டால் அரிப்பு அதற்கு அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுகிறது. பின்னர் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகளைக் கட்டினார்கள். இவற்றைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டித் துறைமுகச் சுவர்தான். அதன் தெற்கே கொஞ்சம் மணல் சேர்வதையும் வடக்கே குறைவதையும் நேரில் காணலாம்; மெரினாவின் கதை ஐம்பது மீட்டரில் சுருங்கிக் கிடக்கும். பாசி படிந்த கற்கள் வழுக்கும். மேலே ஏறாமல் கரையிலிருந்தே பாருங்கள்.

அங்கே வலை பின்னும் பெரியவர் யாராவது இருந்தால், "ஐயா, நீங்கள் சிறுவராக இருந்தபோது கடல் எங்கே இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கை நீட்டிக் கடலுக்குள் ஓர் இடத்தைக் காட்டக்கூடும். அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதும்போது ஐஸ் ஹவுஸிலிருந்து நீங்கள் எண்ணிய எட்டுகளின் கணக்கு அதே ஏட்டில் முன்பக்கத்தில் இருக்கும்.

துறைமுகம் இல்லாமல் சென்னை இன்றைய சென்னையாகி இராது. அதைக் கட்டியது தவறு என்று சொல்ல முடியாது. கட்டிய பிறகு மணலுக்கு வழி செய்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் சேரும் மணலைத் தூர்வாரி, நகரின் கடற்கரையில் கொண்டுபோய் விடுகிறார்கள். சுவர் மறித்ததை இயந்திரம் கடத்திவிடுகிறது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் சிறு துறைமுகத்துக்காகச் சுவர்கள் கட்டியதும் நகரின் மணற்கரை மறைந்து கற்கரையாயிற்று. அங்கே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் நீருக்கடியில் ஓர் எஃகுத் தடுப்பை அமைத்து அலையின் வேகத்தைக் குறைத்தனர், மணலும் கொட்டப்பட்டது. 2019 அளவில் கரையின் ஒரு பகுதி திரும்பி வந்தது. அந்த நிறுவனம் இருப்பது சென்னைப் பள்ளிக்கரணையில்தான். எண்ணூரில் 2001இல் இன்னொரு துறைமுகம் செயல்படத் தொடங்கிவிட்டது. அதற்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. அடுத்த தடவை சென்னைக்கு வரும்போது அந்தக் கரையையும் நடந்து அளக்கலாம்.